பழைய தொப்பி கேட்கவில்லை ஐயா

நேற்று மாலை வந்து சேர்ந்த பெட்டியைத் திறந்தவுடன் முதலில் வெளியே வந்தது கருகல் மணம். ஏழு மாதம் காத்திருந்து, 640 டொலர் கொடுத்து, என் தலைக்கென்றே அளவு சொல்லிச் செய்வித்த தொப்பியின் மடலில், அதாவது சுற்றிவரும் விளிம்பில், மூன்று இடங்களில் நெருப்பு வைத்திருந்தார்கள். தவறுதலாக நடந்ததென்றால் மன்னித்திருப்பேன். வேண்டுமென்றே, நிதானமாக, கலைநயத்தோடு வைத்திருந்தார்கள். உச்சியை மணல்தாளால் தேய்த்து, பல வருடம் வேலிக் கம்பியில் மாட்டி மழையில் நனைய விட்டதுபோல் வெளுக்கச் செய்திருந்தார்கள். நாடாவில் ஒரு தீக்குச்சியும் ஒரு பறவை இறகும் செருகப்பட்டிருந்தன. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இஞ்சாருங்கோ, இதென்ன, அடுப்புக்குள்ள விழுந்ததை எடுத்து அனுப்பியிருக்கினமோ?" என்று கேட்டாள். அவள் பகிடிக்குக் கேட்கவில்லை. வழியில் ஏதோ விபத்து நடந்துவிட்டதென்று உண்மையாகவே நினைத்திருக்கிறாள்.

நான் கேட்டது என்ன என்பதைச் சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் விளங்கும். இரண்டு வருடங்களுக்கு முன்பு, கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலுள்ள ஹமில்டனில் ஒரு பழம்பொருள் கடையில் கறுப்பு நிற ஹொம்பேர்க் தொப்பியொன்று என் கையில் அகப்பட்டது. உச்சியின் நடுவில் முன்னிருந்து பின்னாக ஒரேயொரு பள்ளம். ஃபெடோரா வகைத் தொப்பியில் முன்பக்கத்தின் இரு புறமும் விரலால் கிள்ளியதுபோல் இருக்குமே, அந்தக் குழிவுகள் இதில் கிடையா. மடல் சுற்றிவர மேல்நோக்கிச் சுருண்டு, அதன் ஓரம் முழுவதும் நாடாவால் பொதிந்து தைக்கப்பட்டிருந்தது. எண்பது வயதைத் தாண்டியிருக்கக்கூடிய அந்தத் தொப்பியைத் தடவியபோது முயல்குட்டியின் காதைத் தொட்டதுபோல் இருந்தது. வாங்கினேன், ஆனால் அணிய முடியவில்லை, ஏனென்றால் அது 55 சென்ரிமீற்றர் சுற்றளவுள்ள தலைக்குரியது, என்னுடையதோ 60. பழைய தொப்பிகளைத் தேடி அலைகிறவர்களுக்கெல்லாம் பழகிப்போன துயரம் இது: சின்ன அளவுகள் எங்கேயும் கிடைக்கும், பெரிய தலைக்குரியவை கண்ணில் படவே மாட்டா. ஆகவே அதே அமைப்பில் ஒன்றைப் புதிதாகச் செய்வித்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

இதே மாகாணத்தில், கையாலேயே தொப்பி செய்வதாகச் சொல்லும் ஒருவரைக் கண்டுபிடித்தேன். என்னிடமிருந்த பழைய தொப்பியை மேசையில் வைத்து, அளவுநாடாவால் அங்கம் அங்கமாக அளந்து எழுதி அனுப்பினேன். தலை நுழையும் கூட்டின் உயரம் 5 அங்குலம், மடலின் அகலம் 2¼ அங்குலம், நாடாவின் அகலம் 1½ அங்குலம், முடிச்சு இடப்பக்கத்தில், ஓரம் முழுவதும் நாடாப் பொதிவு, நிறம் கறுப்பு. நான்கு பக்கங்களிலிருந்தும் படம் எடுத்து அனுப்பினேன். தொப்பியையே நேரில் கொண்டுவந்து காட்டட்டுமா என்றும் கேட்டேன். தேவையில்லை, படத்தைப் பார்த்தவுடனேயே தொப்பியின் ஆன்மா தமக்குப் பிடிபட்டுவிட்டது என்று பதில் வந்தது. அந்தச் சொல்லைக் கேட்டபோதே நான் எழுந்து ஓடியிருக்கவேண்டும். ஆன்மாவை அளக்க நான் யாரையும் கேட்கவில்லை. மடலை அளக்கச் சொன்னேன்.

வந்த தொப்பியின் மடல் 3¼ அங்குலம். ஒரு முழு அங்குலம் கூடுதல். சுருளல் என்பது மருந்துக்கும் இல்லை. மழைக்குப் பிறகு வாழையிலை தொங்குவதுபோல் அது முன்னும் பின்னும் தொங்குகிறது. ஓரத்தில் நாடாப் பொதிவு இல்லை, வெட்டியது வெட்டியபடி இருக்கிறது. நடுப்பள்ளத்தோடு முன்பக்கத்தில் இரண்டு குழிவுகளும் உண்டு. கறுப்பு என்றேன்; வந்தது "விஸ்கி" நிறமாம். இத்தனையும் மாறிய பிறகு இதற்கும் ஹொம்பேர்க்குக்கும் உள்ள உறவு, இரண்டும் தலையில் வைக்கப்படுகின்றன என்பது மட்டுந்தான்.

ஹொம்பேர்க் ஒன்றும் யாரும் கேள்விப்படாத பொருள் அல்ல. ஜேர்மனியின் பாட் ஹொம்பேர்க் என்ற நீரூற்று நகரத்துக்கு ஓய்வுக்காகப் போய்வந்த வேல்ஸ் இளவரசர், பின்னாளில் ஏழாம் எட்வேர்ட் மன்னரானவர், 1880-களில் அங்கிருந்து கொண்டுவந்து அணிந்ததால் ஐரோப்பாவெங்கும் பரவிய தொப்பி அது. 1930-களில் பிரித்தானிய வெளியுறவு அமைச்சராயிருந்த அந்தனி ஈடன் விடாமல் அணிந்ததால் லண்டனில் சிலர் அதை அவர் பெயராலேயே அழைத்தார்கள். 1953 ஜனவரியில் ஐசனோவர் அமெரிக்க ஜனாதிபதியாகப் பதவியேற்கப் போனபோது, வழக்கமான உயரத் தொப்பியை விட்டுவிட்டு ஹொம்பேர்க்கோடு போனார். இவர்களுடைய புகைப்படங்களைத் தேடிப் பாருங்கள். ஒருவருடைய மடலிலாவது எரிந்த துளை உண்டா? ஒருவராவது நாடாவில் தீக்குச்சி செருகியிருக்கிறாரா? அவர்கள் அணிந்தது அன்றைக்கு அவர்களுடைய புதுத் தொப்பி. தூரிகையால் துடைத்து, வளைவு குலைந்தால் கடைக்குக் கொடுத்து நீராவியில் சீர்செய்து, மழை வந்தால் குடைக்குள் பதுக்கிக் காத்த தொப்பி. நான் கேட்டதும் அதுதான்: அந்தக் காலத்து அமைப்பில் ஒரு புதுத் தொப்பி. பழசாய்ப்போன தொப்பி வேண்டுமென்றால் அது என் அலுமாரியிலேயே இருக்கிறது; அதற்கு யாருக்கும் 640 டொலர் கொடுக்கத் தேவையில்லை.

குழப்பம் எங்கே நேர்ந்தது என்பதை இரவு பன்னிரண்டு மணிக்குப் பழைய பற்றுச்சீட்டைத் தேடியெடுத்துப் படித்தபோதுதான் கண்டுபிடித்தேன். ஆர்டர்ப் படிவத்தில் "வின்டேஜ்" என்று ஒரு கட்டம் இருந்தது. நான் கேட்டதோ 1930-களின் பாணி, ஆகவே நல்லபிள்ளையாக அதில் சரி அடையாளம் இட்டேன். அவர்களுடைய அகராதியில் அந்தச் சொல்லுக்குப் பொருள் தேய்த்தலும் எரித்தலும். அதற்குத் தனியாக 75 டொலர். அதாவது என் தொப்பிக்கு நெருப்பு வைத்த கூலியையும் நானே முன்பணத்தோடு கட்டியிருக்கிறேன். நான் அனுப்பிய அளவுகள், நான்கு படங்கள், ஒன்றரைப் பக்கக் கடிதம் எல்லாவற்றையும் அந்த ஒரு கட்டம் விழுங்கி ஏப்பம் விட்டிருக்கிறது.

கனடாவில் இருந்துகொண்டு இந்த அநியாயத்தைப் பொறுப்பது இன்னும் கடினம், ஏனென்றால் இந்த நாட்டின் வரலாற்றில் பாதி, ஃபெல்ட் தொப்பிக்காக நடந்த வியாபாரம். 1670-இல் அரச பட்டயம் பெற்ற ஹட்சன்ஸ் பே கொம்பனி இங்கே பெருமளவில் தேடியது பீவர் என்ற பிராணியின் தோலைத்தான். ஐந்து சத நாணயத்தில் இன்றைக்கும் அந்தப் பிராணி குந்தியிருக்கிறது. பீவரின் நீண்ட மேல்மயிருக்கு அடியில் மெல்லிய அடிமயிர் உண்டு. அந்த மயிரிழைகளில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் இருப்பதால், சூடும் ஈரமும் அழுத்தமும் கிடைத்தவுடன் அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு இறுகிவிடுகின்றன. தறியும் இல்லை, பாவும் ஊடும் இல்லை. அப்படி இறுகியதுதான் ஃபெல்ட். இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், அக்காலத்துத் தொப்பிக்காரர்கள் மிகவும் விரும்பியது இந்த மண்ணின் பழங்குடி மக்கள் ஓரிரு குளிர்காலம் உடுத்திக் கழித்த பீவர் அங்கிகளை. உடுத்தியவரின் உடற்சூட்டிலும் உராய்விலும் நெய்ப்பிலும் மேல்மயிர் உதிர்ந்து, அடிமயிர் ஃபெல்டுக்குத் தயாராக இருக்கும். "காஸ்டோர் கிரா" என்று பிரெஞ்சு வியாபாரிகள் பெயர் வைத்து அதற்குக் கூடுதல் விலை கொடுத்தார்கள். தோல் பழசாக இருக்கவேண்டும், தொப்பி புதிதாக இருக்கவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நமது ஆளோ புது ஃபெல்டை வாங்கிப் பழந்துணி ஆக்குகிறார்.

ஆம், அவர் ஃபெல்டை வாங்குகிறார். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. செக் நாட்டின் நோவி யிச்சின், போர்த்துக்கலின் சாவோ ஜோவாவோ டா மடெய்ரா போன்ற ஒருசில ஊர்களில் இருக்கும் ஆலைகளிலிருந்து, தயாராக வரும் ஃபெல்ட் கூம்புகளைத்தான் உலகெங்குமுள்ள சிறு தொப்பிக்காரர்களில் பெரும்பாலானோர் வாங்குகிறார்கள். வந்த கூம்பை நீராவியில் இளக்கி, மர அச்சின்மேல் இழுத்து இறக்கி, கழுத்தில் கயிறு கட்டி, காயவிட்டு, மெல்லிய மணல்தாளால் மெருகேற்றி, மடலை வெட்டி வளைத்து, உள்ளே தோல்பட்டியும் வெளியே நாடாவும் தைப்பதுதான் அவர்களுடைய வேலை. சின்ன வேலை அல்ல. அதிலும் ஹொம்பேர்க்கின் மடல் சும்மா சுருளாது. விறைப்பான ஃபெல்ட் வேண்டும், சுருட்டுவதற்கென்றே உள்ள கருவியும் அதற்குப் பழகிய கையும் வேண்டும். அது தம்மிடம் இல்லையென்றால், "எனக்கு இது வராது, வேறொருவரிடம் போங்கள்" என்று சொல்லியிருக்கலாம். ஒரு வரி மின்னஞ்சல் போதும். நான் அவரை வணங்கிவிட்டுப் போயிருப்பேன். வராத வேலைக்கு முன்பணம் 320 டொலர் வாங்கிக்கொண்டு, வந்த வேலையைச் செய்து அனுப்புவதற்கா கைத்தொழில் என்று பெயர்?

போட்டுப் பார்த்த கதையையும் சொல்லவேண்டும். மனிதத் தலைகள் எல்லாம் ஒரே முட்டை வடிவம் அல்ல. எனக்கு முன்பின்னாக நீண்ட தலை; சுற்றளவு சரியாக இருந்தாலும் சாதாரண வடிவத் தொப்பி நெற்றியிலும் பிடரியிலும் அழுத்தும், காதுக்கு மேலே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விடும். இதைத் தீர்ப்பதற்கென்றே 19-ஆம் நூற்றாண்டில் பாரிசில் ஒரு கருவி செய்தார்கள். தட்டச்சு இயந்திரத்தைக் கவிழ்த்து வைத்ததுபோல் தலையில் வைத்தால், தலையின் வடிவத்தைச் சிறிதாக்கி ஓர் அட்டையில் குத்திக் காட்டிவிடும். அந்தக் கருவி இல்லாவிட்டால் வளையும் கம்பி ஒன்றைத் தலையைச் சுற்றி அழுத்தித் தாளில் வரைந்து அனுப்பச் சொல்லலாம். ஐந்து நிமிட வேலை. என்னிடம் கேட்கப்பட்டது ஒரே ஒரு எண். பத்து நிமிடம் அணிந்திருந்தேன். நெற்றியில் செங்கோடு விழுந்தது. கடையில் தொங்கும் அறுபது டொலர்த் தொப்பியும் இதைத்தானே செய்யும்?

தாமதத்தைப் பற்றி அதிகம் சொல்லமாட்டேன். எட்டு வாரம் என்றார். ஏழு மாதம் ஆயிற்று. இடையில் கூம்பு வரவில்லை, நாடா வரவில்லை, கைக்குச் சுளுக்கு, கண்காட்சி என்று ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம் வந்தது. ஒன்ராறியோவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறித்த நாளுக்குப் பிறகு 30 நாள் கடந்தும் பொருள் வராவிட்டால், அது வந்து சேருமுன் உடன்படிக்கையை முறித்துப் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். எனக்கு அது தெரிந்தே இருந்தது. கைவேலைக்காரரை அவசரப்படுத்தக்கூடாது என்று யாழ்ப்பாணத்து ஆசாரிமாரைப் பார்த்து வளர்ந்த புத்தி என்னைத் தடுத்துவிட்டது. அந்த ஆசாரிமார் கதவுக்கு அளவு கேட்டால் கதவுதான் செய்தார்கள் என்பதை நான் மறந்துவிட்டேன்.

இரவே எழுதினேன். காலையில் பதில் வந்தது. தலைக்கென்று செய்த பொருளைத் திரும்ப ஏற்பதில்லையாம். மடலின் அகலம் "விகிதப் பொருத்தத்துக்காக" அவரே எடுத்த முடிவாம். எரித்த தடங்களைப் பற்றி எழுதியதைத்தான் நான் மூன்று முறை படித்தேன்: ஒவ்வொரு தொப்பிக்கும் பின்னால் ஒரு கதை இருக்கவேண்டுமாம், நெருப்பு அந்தக் கதையைக் கொடுக்கிறதாம். ஐயா, நான் 1995-இல் போர் காரணமாக யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து நடந்து வெளியேறியவன். திரும்பிப் போய்க் கருகிய கூரை வளையையும் பாதி எரிந்த பள்ளிக்கூடப் புத்தகங்களையும் கிளறிப் பார்த்தவன். நெருப்புக் கொடுக்கும் கதை எனக்குப் போதும் போதும் என்ற அளவுக்கு உண்டு. அதைத் தலையில் சுமந்து தெருவில் காட்டவேண்டிய ஆசை எனக்கு இல்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒழுங்காகச் செய்த, மடிப்புக் கலையாத, கறுத்த ஒரு தொப்பி. ஞாயிற்றுக்கிழமைகளில் மேலங்கியோடு போட்டுக்கொண்டு நூலகத்துக்குப் போயிருப்பேன்.

இன்று மதியம் இன்னொரு தொப்பிக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வயதானவர், தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார். எரிந்த மயிரிழை திரும்ப வராது என்றார். மடலை 2¼ அங்குலத்துக்கு வெட்டினால் ஓரத்திலுள்ள இரண்டு தடங்கள் போய்விடும், அந்த மட்டில் அகலத்தைக் கூட்டி வைத்தது நல்லதாயிற்று என்றார். மூன்றாவது தடம் நாடாவுக்குப் பக்கத்தில் இருப்பதால் அகலமான நாடா போட்டு மறைக்கவேண்டும். இந்த ஃபெல்ட் மென்மையானது, சுருட்டினால் நிற்காது, அரக்குப் பூசி விறைப்பாக்கிப் பார்க்கலாம், ஆனால் உறுதி தரமாட்டேன் என்றார். கறுப்புச் சாயம் ஏற்ற அவருக்கு மனமில்லை. கூலி 180 டொலர். "எனக்கு இது வராமலும் போகலாம்" என்று அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காகவே முன்பணத்தை அங்கேயே கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து வெறும் பெட்டியை வெளியே எறியப் போனபோது, அடியில் கெட்டியான ஓர் அட்டை கிடந்தது. தொப்பியைப் பேணும் முறையாம். அதே தொப்பிக்காரரின் கையொப்பத்தோடு, அழகான எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். மூன்றாவது வரி இது: "நெருப்புக்கும் கடும் சூட்டுக்கும் அருகில் வைக்காதீர்கள், ஃபெல்ட் சேதமடையும்."