புள்ளிக் கணக்கு பாதிதான்

அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் கூடைப்பந்தில் கனெக்டிகட் பல்கலைக்கழக அணிக்கு ஆடிய பெய்ஜ் பெக்கர்ஸின் தலைமையை, அவரைப் பற்றிய ஒரு கட்டுரை அவர் எடுத்த புள்ளிகளை வைத்தே அளக்கிறது. 2025 இறுதிப்போட்டியில் கனெக்டிகட் 82-59 என தென் கரோலினாவை வென்றபோது அவர் எடுத்தது 17. சக வீராங்கனைகள் அஸி ஃபட், சாரா ஸ்ட்ராங் ஆளுக்கு 24.

தலைமை தெரிவது தடுப்பாட்டத்தில், குரலில். எதிரணியில் ஒருத்தி ஸ்கிரீன் வைக்க, அதாவது தடுப்பவரின் வழியில் சுவர்போல் நிற்க, வந்தால் பின்னால் நிற்பவர் "இடப்பக்கம் ஸ்கிரீன்!" என்று முன்கூட்டியே கத்த வேண்டும். அரை நொடி பிந்தினாலும் பந்து வைத்திருப்பவரைத் தடுப்பவர் நேராகப் போய் அந்த ஸ்கிரீனில் மோதுவார். உதவிக்கு இன்னொருவர் ஓடிவர, மூலையில் எதிரணியின் ஒருத்தி தனியாக நிற்பாள். மூன்று புள்ளி போச்சு! நாலாவது கால்பகுதியில் மூச்சு வாங்கும்போது முதலில் அடங்குவது இந்தக் குரல்தான். பழைய ஆட்டத்தைப் போட்டு, பந்தை விட்டுவிட்டு அந்தப் பத்து நிமிடம் யார் பேசுகிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.