"நேரம் கிடைக்கும்போது பாருங்க" என்றால் எப்போது?

ஆட்டிசத்தின் ஒரு வடிவமான ஆஸ்பெர்கர் சிண்ட்ரோம் பற்றிப் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் நிச்சயம் சொல்வார்: "அவங்களுக்கு அடுத்தவங்க மனசு புரியாதுங்க, பாவம்." அந்தப் 'பாவம்'தான் எனக்கு எரிச்சல். சரி, அவர்கள் மனசு நமக்குப் புரிகிறதா? அதை யாரும் கேட்பதில்லை.

டேமியன் மில்டன் கேட்டார். பிரிட்டனைச் சேர்ந்த ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர். 2012-ல் எழுதிய கட்டுரையில் அவர் சொன்னது இதுதான்: இரண்டு விதமாக உலகத்தை உணர்கிறவர்கள் பேசிக்கொள்ளும்போது புரியாமல் போவது இரண்டு பக்கமும்தான் நடக்கிறது, பழி மட்டும் ஒரு பக்கத்தில் விழுகிறது. பெரும்பான்மைக்குப் பழகிய பேச்சுமுறை 'இயல்பு' ஆகிவிடுகிறது, மற்றது 'குறைபாடு' ஆகிவிடுகிறது.

2017-ல் நோவா சாசன் குழுவினர் செய்த ஆய்வு ஒன்று உண்டு. ஆட்டிசம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என இரு தரப்பினரும் பேசும் சிறு பதிவுகளை மற்றவர்களிடம் காட்டி, "இவரோடு பழகுவீர்களா?" என்று கேட்டார்கள். சில நொடிகள் பார்த்ததுமே ஆட்டிசம் உள்ளவர்களுக்கு மதிப்பெண் குறைந்தது. குரலை மட்டும் கேட்டாலும் அப்படித்தான். ஆனால் அவர்கள் பேசியதை எழுத்தாக மட்டும் படிக்கக் கொடுத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. அதாவது சொன்ன விஷயத்தில் யாருக்கும் குறை தெரியவில்லை. குரலின் ஏற்ற இறக்கம், முகம், கை அசைவு, இவற்றை வைத்தே ஓர் ஆளைத் தள்ளிவைத்துவிடுகிறோம். இதற்கு அப்புறமும் பரிவு இல்லாதவர்கள் அவர்கள்தான் என்று சொல்வதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

எடின்பரோவில் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் வேறு மாதிரி சோதித்தார்கள். ஒருவர் கதையைக் கேட்டு அடுத்தவருக்குச் சொல்ல வேண்டும், அவர் அதற்கடுத்தவருக்கு, இப்படி எட்டுப் பேர். ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டும் இருந்த வரிசையில் கதை, மற்றவர்கள் மட்டும் இருந்த வரிசையில் போனது போலவே ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. இருவரும் கலந்த வரிசையில்தான் அதிகம் உதிர்ந்தது. இது 2020-ல் வெளியான முடிவு. பிறகு இன்னும் நிறைய பேரை வைத்துச் செய்தபோது கலப்பு வரிசையிலும் அந்தச் சரிவு தெரியவில்லை. எப்படிப் பார்த்தாலும் 'அவர்களுக்குப் பேசத் தெரியாது' என்பதற்கு இதில் இடமில்லை.

என்னோடு வேலை செய்கிற, ஆஸ்பெர்கர் உள்ள ஒருவரைப் பற்றி, அவர் அனுமதியோடு எழுதுகிறேன். கூட்டத்தில் யார் முகத்தையும் பார்க்க மாட்டார். பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருப்பார். புதிதாக வந்தவர்கள், கவனிக்கவில்லை போல என்று நினைத்துக்கொள்வார்கள். கூட்டம் முடிந்ததும், "ரெண்டாவது பக்கத்துல சொன்ன தேதியும் கடைசியில சொன்ன தேதியும் ஒத்துவரலையே" என்பார். கண்ணைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்த எங்களில் ஒருவருக்கும் அது உறைத்திருக்காது. கண்ணைப் பார்த்தால் காது வேலை செய்யாது என்பது அவர் தரும் விளக்கம்.

"நேரம் கிடைக்கும்போது இதைப் பாருங்க" என்று யாராவது சொன்னால், "எப்போதைக்குள்?" என்று கேட்பார். அது எதிர்த்துப் பேசுவது இல்லை. உண்மையிலேயே அவருக்குத் தேதி வேண்டும். நாம் மனதில் 'இன்னைக்கே' என்று வைத்துக்கொண்டு வாயில் 'மெதுவா' என்று சொல்லிப் பழகியவர்கள். அதைவிட மோசம், காலையில் வரும் "சாயந்திரம் கொஞ்சம் பேசணும்" என்ற செய்தி. அவருக்கு அன்றைய நாள் அத்தோடு போயிற்று. "சாயந்திரம் பேசணும், அடுத்த மாத அட்டவணை பற்றி, பயப்பட ஒன்றுமில்லை" என்று நாலு வார்த்தை கூட்டிப் போட்டால் அவர் நிம்மதியாக வேலை பார்ப்பார். நான் இப்போது எல்லோருக்குமே அப்படித்தான் அனுப்புகிறேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பிரிட்டிஷ் மனநல மருத்துவர் லோர்னா விங் 1981-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் 'ஆஸ்பெர்கர்' பரவலானது. மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேடான டிஎஸ்எம்-5, 2013-ல் வந்தபோது அதை ஆட்டிசம் ஸ்பெக்ட்ரம் என்ற ஒரே பெரிய வகைக்குள் சேர்த்துவிட்டது. இந்தப் பெயருக்குரிய ஆஸ்திரிய மருத்துவர் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், குழந்தைகளைக் கொன்ற நாஜித் திட்டத்துக்கு ஒத்துழைத்தவர் என்பதற்கான ஆவணங்களை 2018-ல் வரலாற்றாய்வாளர் ஹெர்விக் செக் வெளியிட்டார். அதனால் அந்தப் பெயரே வேண்டாம் என்பவர்கள் உண்டு. பல வருடம் அதைத் தன் அடையாளமாக வைத்திருந்ததால் விட மனமில்லாதவர்களும் உண்டு. எதிரில் இருப்பவரிடமே கேட்டுவிடுவது உத்தமம்.

இன்னொரு பக்கமும் எனக்கு ஒவ்வாது: 'ஆஸ்பெர்கரா? அப்போ கணக்கில் புலியா இருப்பாரே!' என்கிற வியப்பு. புலியாக இல்லாதவர் என்ன செய்வார்? மேதையாக இருந்தால்தான் மரியாதை என்றால் அது மரியாதையே இல்லை. பலர் நாள் முழுக்க நம்மைப் போல நடித்து, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்து, வீட்டுக்குப் போனதும் ஒரு வார்த்தை பேசத் தெம்பில்லாமல் விழுகிறார்கள். அந்த நேரத்தில் "என்ன ஆச்சு, சொல்லு, சொல்லு" என்று நச்சரிப்பதைப் போலக் கொடுமை வேறில்லை. விளக்கைக் குறைத்து, பேச்சை நிறுத்தி, தனியாக விட்டாலே போதும்.

அதற்காக அவர்கள் எது சொன்னாலும் பொறுத்துப்போக வேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. அது ஆளைக் குழந்தையாக்குவது. மனம் நொந்தால் நேராகச் சொல்லிவிடலாம், ஜாடை பேசாமல். ஒருமுறை என்னோடு வேலை செய்கிற அவரிடம், "எல்லார் முன்னாடியும் என் கணக்கு தப்புன்னு சொன்னது எனக்குச் சங்கடமா இருந்தது. இனிமே தனியா சொல்லுங்க" என்றேன்.

"சரி" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "தப்பு பெருசா இருந்து, கூட்டத்துலயே முடிவெடுக்கப் போறாங்கன்னா?" என்று கேட்டார்.

அப்படி இருந்தால் கூட்டத்திலேயே சொல்லலாம் என்று இருவரும் பேசி வைத்திருக்கிறோம்.