சிவப்புத் தொலைபேசி இருந்ததே இல்லை

வெள்ளை மாளிகை மேசையில் சிவப்புத் தொலைபேசி, எடுத்தால் மறுமுனையில் சோவியத் ஆட்சித் தலைமையகமான கிரெம்ளின் என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. 1963 ஆகஸ்ட் 30-இல் இயங்கத் தொடங்கிய அந்த வாஷிங்டன்-மாஸ்கோ நேரடி இணைப்பு வெறும் டெலிபிரிண்டர்; தட்டச்சு செய்த செய்தியை மறுமுனையில் அச்சடித்துத் தரும் கருவி. அமெரிக்க முனை இருந்ததும் ராணுவத் தலைமையகமான பென்டகனில். முதல் சோதனைச் செய்தி, சோம்பேறி நாயைத் தாண்டிக் குதிக்கும் பழுப்பு நரி பற்றியது. ஆங்கில எழுத்துகள் அத்தனையும் அந்த ஒரு வரியில் அடங்கிவிடும் (மாஸ்கோவில் படித்தவர்கள் என்ன நினைத்தார்களோ!).

பேச்சை வேண்டுமென்றே தவிர்த்தார்கள். ஒருவரையொருவர் நம்பாத இருவர் அவசரத்தில் பேசினால் வார்த்தை தடிக்கும், மொழிபெயர்ப்பு பிசகும். எழுத்தென்றால் நிதானமாகப் படித்துப் பதில் தரலாம். அதனால் அவரவர் மொழியிலேயே அனுப்பினார்கள். 1967 ஜூன் அரபு-இஸ்ரேல் போரின்போது சோவியத் பிரதமர் கோசிகினும் அமெரிக்க அதிபர் ஜான்சனும் அப்படித்தான் தொடர்புகொண்டார்கள்.