512 வயது சுறாவை எந்த மரமும் மிஞ்சவில்லையா?

சிங்கப்பூர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "கிரீன்லாந்து சுறாவுக்கு 512 வயது. உலகில் எந்த மரமும் இவ்வளவு காலம் வாழ்ந்ததில்லை." இரண்டுமே தவறு.

முதலில் அந்த 512. 2016-இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வில் 28 பெண் சுறாக்களின் வயதைக் கணித்தார்கள். இந்தச் சுறாவின் உடலில் ஆண்டு வளையம் பதியும் கெட்டியான பாகம் கிடையாது. அதனால் கண்ணை எடுத்துக்கொண்டார்கள். கண் வில்லையின் நடுப்பகுதி, குட்டி பிறக்கும் முன்பே உருவாகி, சாகும்வரை மாறாமல் இருக்கும். அதிலுள்ள கதிரியக்கக் கார்பனை, அதாவது காலம் போகப் போகச் சிதைந்து குறையும் கார்பன் வகையை, அளந்து வயதைக் கணித்தார்கள். ஐந்து மீட்டர் நீளமிருந்த மிகப் பெரிய சுறாவுக்குக் கிடைத்த கணிப்பு 392 ஆண்டுகள். 120 கூடலாம், குறையலாம். அதாவது 272 முதல் 512 வரை. மேல் எல்லையை மட்டும் எடுத்து அதையே வயது என்று பரப்புவது நியாயமில்லை. 272 என்றே வைத்தாலும், முதுகெலும்புள்ள உயிர்களில் நாம் அறிந்தவரை இதுதான் நீண்ட ஆயுள் கொண்டது. அதுவே பெரிய அதிசயம்தான்.

சரி, மரம்? கலிஃபோர்னியாவில் நிற்கும் 'மெத்தூசலா' என்ற பிரிசில்கோன் பைன் மரத்துக்கு 4,800 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. நெவாடாவில் 1964-இல் வெட்டப்பட்ட இன்னொரு பைனின் வளையங்களை எண்ணியபோதும் 4,800-ஐத் தாண்டியது.

அப்புறம், நம் சிங்கப்பூர் ஐந்து வெள்ளி நோட்டில் இருக்கும், பூமலையில் (தாவரவியல் பூங்காவில்) நிற்கும் தெம்புசு மரம். அதற்கு 150 வயதுக்கு மேல் இருக்கும் என்றுதான் கருதப்படுகிறது. ஆண்டு முழுதும் மழை பெய்யும் இங்கே பல மரங்களில் ஆண்டு வளையம் தெளிவாக விழுவதில்லை; அதனால் வளையத்தை எண்ணி வயது சொல்வது கடினம்.