வை.மு.கோ.வைப் புகழ்ந்தது போதும், அச்சுக்குக் கொண்டுவருவோம்

ஒவ்வொரு டிசம்பர் 1ஆம் தேதியும் வை.மு. கோதைநாயகி அம்மாளுக்குப் பிறந்தநாள் பதிவுகள் வரிசைகட்டி வருகின்றன. 115 நாவல்கள், ஏறத்தாழ 35 ஆண்டுகள் நடத்திய 'ஜகன்மோகினி' மாத இதழ், சிறைவாசம், கதர், மேடைப்பேச்சு, பாட்டு. எல்லாம் சரிதான். ஆனால் அவருடைய நாவல் ஒன்றையாவது முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்தவர்கள் நம்மில் மிகக் குறைவு. அதற்கு வாசகர்களைக் குறை சொல்ல முடியாது. கடையில் போய்க் கேட்டால் புத்தகம் எளிதில் கிடைப்பதில்லை. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு பெண்கள் காத்திருந்து படித்த எழுத்தாளருக்கு இந்த நிலை வந்திருக்கக் கூடாது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'முதல் பெண் நாவலாசிரியர்', 'முதல் பெண் பத்திரிகை ஆசிரியர்' என்ற பட்டங்களை அவருக்குச் சூட்டாதீர்கள். அவருக்கு முன்பே பண்டிதை விசாலாட்சி அம்மாள் நாவல்களும் எழுதினார், 'ஹிதகாரிணி' பத்திரிகையும் நடத்தினார். கோதைநாயகி அம்மாளின் பெருமை முதலாவதாக வந்ததில் இல்லை. மாதம் தவறாமல் எழுதி, அச்சடித்து, தபாலில் சேர்த்து, பெண் வாசகர் கூட்டம் ஒன்றைத் தன் கையாலேயே உண்டாக்கி, அதைப் பல பத்தாண்டுகள் கலையாமல் காத்தார். அதற்கு ஈடான இன்னொரு பெயரைச் சொல்வது கடினம்.

1901இல் பிறந்தவர். ஐந்தரை வயதில் திருவல்லிக்கேணியில் வை.மு. பார்த்தசாரதிக்கு வாழ்க்கைப்பட்டார். பள்ளிக்கூடம் போனதில்லை. புகுந்த வீடோ கம்பராமாயண உரைக்குப் பேர்போன வை.மு. குடும்பம். கணவர் நாடகங்களுக்கு அழைத்துப்போவார். பார்த்த நாடகங்கள் மனசில் தங்கின. தானும் ஒன்று எழுத வேண்டும் என்று தோன்றியபோது சரளமாக எழுதக் கை வரவில்லை. அதனால் தோழி பட்டம்மாளை உட்காரவைத்து, தான் சொல்லச் சொல்ல அவரை எழுதவைத்தார். 'இந்திரமோகனா' நாடகம் அப்படி உருவாகி 1924இல் அச்சேறியது. அடுத்து 'வைதேகி' நாவல். அந்தக் காலத்தில் துப்பறியும் நாவல்களில் கொடிகட்டிப் பறந்த வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ஊக்கத்தோடு, நின்றுபோயிருந்த ஜகன்மோகினியை 1925இல் ஏற்று நடத்தத் தொடங்கினார்.

அவருடைய எழுத்து முறைக்கு இந்த வாய்மொழித் தொடக்கமே வேர் என்பது என் கருத்து. ஆரணி குப்புசாமி முதலியாரும் வடுவூராரும் ரெயினால்ட்ஸ் போன்ற ஆங்கில ஆசிரியர்களைத் தழுவிக் கதை பின்னியவர்கள். கோதைநாயகி அம்மாளுக்கு ஆங்கிலம் தெரியாது. அவருக்கு மூலதனம் காதால் கேட்டது: புராணம், கதாகாலட்சேபம், மேடை நாடகம், கூடத்துப் பேச்சு. அதனால்தான் அவர் நாவல்களில் உரையாடல் பக்கம் பக்கமாக ஓடுகிறது. யார் வந்தார், எங்கே நின்றார் என்ற வர்ணனை குறைவு. யார் என்ன சொன்னார், அதற்கு மற்றவர் எப்படிப் பதில் கொடுத்தார் என்பதிலேயே கதை நகரும். கண்ணால் வேகமாக ஓட்டிப் படித்தால் சலிக்கும். ஒரு அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், ஏற்ற இறக்கம் தானாக வந்து சேரும். படிக்கத் தெரிந்த ஒருத்தி படிக்க, வீட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து கேட்கும் காலத்துக்குப் பொருத்தமான நடை அது.

குறைகளை மறைக்க வேண்டியதில்லை. தற்செயல்கள் அதிகம். தொலைந்தவர் சரியான நேரத்தில் வந்து நிற்பார். நல்லவள் அசைக்க முடியாத நல்லவள். இடையில் கதையை நிறுத்திவிட்டு ஆசிரியர் நீளமாக உபதேசம் செய்வார். மாத இதழில் தொடராக வந்த கதை என்பது இதற்கு ஒரு காரணம். முப்பது நாள் இடைவெளியில் படிப்பவருக்குப் போன மாதம் நடந்ததை நினைவூட்ட வேண்டும், அடுத்த மாதம் வரை பதைக்கவும் வைக்க வேண்டும். புத்தகமாக ஒரே மூச்சில் படிக்கும் நமக்கு அது கூறியது கூறலாகப் படுகிறது. ஒரே நாளில் முடிக்காமல், நாளுக்கு இரண்டு அத்தியாயம் என்று படித்தால் இந்தக் குறை பாதி கரைந்துவிடும். உபதேசப் பகுதிகளையும் தாண்டிப் போகாதீர்கள். பால்ய விவாகம், விதவை நிலை, வரதட்சணை, குடி, கதர் பற்றியெல்லாம் மேடைக்கு வராத பெண்களோடு அவர் பேசியது அங்கேதான்.

1925இல் சென்னை வந்த காந்தியை சீனிவாச ஐயங்கார் வீட்டில் சந்தித்த பிறகு பட்டுப்புடவையையும் நகையையும் துறந்து கதருக்கு மாறியவர் அவர். மறியலில் கலந்துகொண்டு 1932இல் சிறை சென்றார், வேலூர் சிறையிலேயே 'உத்தமசீலன்' நாவலை எழுதினார். இதைத் தெரிந்துகொண்டு படித்தால் அவர் கதாபாத்திரங்களின் நீண்ட பேச்சுகளுக்குள் ஒரு மேடைப் பேச்சாளரின் குரல் தெளிவாகக் கேட்கும்.

இனி வேலைக்கு வருவோம். அவர் காலமானது 1960 பிப்ரவரி 20. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் கணக்கு. 2020 டிசம்பர் 31ஓடு அது முடிந்துவிட்டது. அவர் நாவல்களை மறுபதிப்பு செய்யவோ மின்னூலாக்கவோ இப்போது யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. புதிய பதிப்பில் வேறொருவர் எழுதிய முன்னுரை, குறிப்பு, அட்டைப்படம் இருந்தால் அவற்றை மட்டும் எடுக்கக் கூடாது. பழைய பதிப்பிலிருந்து வேலை செய்தால் அந்தச் சிக்கலும் இல்லை.

பிரதியைத் தேடும்போது ஒரே எழுத்துக்கூட்டலை நம்பாதீர்கள். ஜகன்மோகினி, ஜகன்மோஹினி, ஜெகன்மோகினி என்று மூன்று விதமாகவும் பட்டியல்களில் இருக்கும். கோதைநாயகி, கோதைநாயகி அம்மாள், வை.மு.கோ. எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம், இணையத்தில் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், இரண்டும் முதலில் தேட வேண்டிய இடங்கள்.

வருடல் (ஸ்கேன்) கிடைத்தவுடன் ஓசிஆரில், அதாவது படத்திலுள்ள எழுத்தைத் தட்டச்சு எழுத்தாக மாற்றும் மென்பொருளில், போட்டு அப்படியே வெளியிடுவதுதான் பலர் செய்யும் தவறு. இந்த நூல்கள் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையவை. 'தலை'யில் வரும் லை, 'யானை'யில் வரும் னை, 'அண்ணா'வில் வரும் ணா எல்லாம் பழைய வடிவில் இருக்கும். லை, னையின் மேல் ஏறும் தும்பிக்கை வளைவை மென்பொருள் தவறவிட்டால் 'தலை' என்பது 'தல' ஆகிவிடும். சீர்திருத்தத்தில் வடிவம் மாறிய எழுத்துகள் மொத்தம் 13. அவற்றை ஒரு தாளில் எழுதி எதிரில் ஒட்டிக்கொண்டு திருத்துங்கள். அடுத்த தொல்லை, ரகரமும் துணைக்காலும். பழைய அச்சில் இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் ஒன்று மற்றொன்றாக மாறிவிடும், கண்ணுக்கும் எளிதில் தட்டுப்படாது. மூன்றாவது 'கௌரி'. திரையில் சரியாகத் தெரிந்தாலும் உள்ளே 'கெ'யும் 'ள'வும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும், பிறகு எவ்வளவு தேடினாலும் அந்தச் சொல் அகப்படாது. 'கெள', 'பெள', 'மெள', 'செள' என்று தேடி, வருகிற ஒவ்வொரு சொல்லையும் பார்த்துத் திருத்துங்கள். மொத்தமாக மாற்றுகிற பொத்தானை அழுத்தினால் 'பெளர்ணமி' திருந்தும், ஆனால் சரியாக இருந்த 'மெள்ள' கெட்டுப்போகும்.

குறைந்தது இரண்டு சுற்று மெய்ப்பு வேண்டும். முதல் சுற்றில் படத்தையும் எழுத்தையும் பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டாவது சுற்றை வேறொருவர் செய்யட்டும்: ஒருவர் மூலத்தை உரக்கப் படிக்க, மற்றவர் திரையில் தொடர வேண்டும். யாரும் நூல்களை ஏற்றித் திருத்தக்கூடிய இணைய நூலகமான விக்கிமூலத்தில் இந்த வசதி தயாராகவே இருக்கிறது. மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு, ஒருவர் பார்த்தது மஞ்சள், இன்னொருவரும் சரிபார்த்தது பச்சை. ஆனால் அங்கே ஏற்றுவதற்கு முன் ஒரு விஷயம்: வருடல் கோப்புகளைச் சேமிக்கும் விக்கிப் பொதுவகத்தில் அமெரிக்கச் சட்டத்தையும் பார்ப்பார்கள், அந்தச் சட்டத்தில் நூல் வெளியாகி 95 ஆண்டுகள் கணக்கு. ஆகவே 1920களின் நூல்களை முதலில் எடுத்தால் தகராறு இல்லை. பிந்தைய நூல்களை இந்தியாவில் அச்சிட இது தடையே அல்ல.

பதிப்பாசிரியர்களிடம் ஒரு மன்றாட்டு: சுருக்காதீர்கள். 'இன்றைய வாசகருக்காக' என்று சொல்லி உபதேசத்தை வெட்டி, அக்ரகாரப் பேச்சைப் பொதுத்தமிழாக்கி, கிரந்த எழுத்துகளை நீக்கினால் மிஞ்சுவது சாதாரணக் கதைச் சுருக்கம். மாற்றலாம் என்று நான் நினைப்பது இரண்டுதான்: பழைய எழுத்து வடிவைப் புதியதாக்குவது, கண்கூடான அச்சுப் பிழையைத் திருத்துவது. நிறுத்தக்குறிகளில்கூட கை வைக்க வேண்டாம். பேச்சு எங்கே மூச்சு வாங்குகிறது என்பது அவற்றில்தான் இருக்கிறது. ஜாதி, கற்பு, கர்மவினை பற்றி இன்று உறுத்தும் வரிகள் வரும். அவையும் இருக்கட்டும். ஒரு தலைமுறைப் பெண்கள் எதை நம்பினார்கள், எதை மாற்ற நினைத்தார்கள் என்பது அந்த உறுத்தலோடு சேர்ந்தே புரியும்.

எதிலிருந்து தொடங்குவது? என் தேர்வு 'தயாநிதி'. பத்மினியும் எம்.ஆர். ராதாவும் நடித்து 1966இல் வந்த 'சித்தி' படத்துக்கு மூலக்கதை அதுதான். படம் பார்த்தவர்களுக்கு நாவலுக்குள் நுழைவது எளிது. அடுத்து 'வைதேகி', அவர் தொடங்கிய இடத்தைப் பார்ப்பதற்காக. மூன்றாவது 'உத்தமசீலன்'. 1930களிலேயே படமாகிவிட்ட 'ராஜமோகன்', 'அநாதைப் பெண்' இரண்டும் பிறகு வரட்டும்.

உங்கள் வீட்டுப் பரணில் ஜகன்மோகினி பைண்டு வால்யூம் இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். தையலைப் பிரிக்காமல், முதுகை அழுத்தி விரிக்காமல், பாதி திறந்த நிலையில் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், இரண்டு பக்கமும் ஜன்னல் வெளிச்சம் போதும். நடுமடிப்பின் நிழலில் வரிக் கடைசி எழுத்துகள் மறையும், அங்கே இன்னொரு படம் எடுங்கள். கோப்புக்கு ஆண்டு, மாதம், பக்க எண்ணைப் பெயராக வையுங்கள். அட்டை, விளம்பரம், சந்தா அறிவிப்பு, வாசகர் கடிதம் எதையும் விட்டுவிட வேண்டாம். நாவல்கள் தனிப் புத்தகமாக எங்காவது கிடைத்துவிடும். அந்தப் பக்கங்கள் இதழில் மட்டும்தான் இருக்கின்றன.