முயலின் கழிவுத் தட்டில் பூனை மணல் வேண்டாம்

“பூனைக்குப் போடும் கட்டியாகும் மணலையே முயலின் கழிவுத் தட்டிலும் போடலாம், நாற்றமே வராது” என்றொரு தகவல் வலம் வருகிறது. இது தவறு; உயிருக்கே உலை வைக்கக்கூடிய தவறு.

கண்ணில் பட்டதையெல்லாம் கொறித்துப் பார்ப்பது முயலின் இயல்பு. ஈரம் பட்டதும் இறுகுவதற்கென்றே களிமண்ணால் செய்த அந்த மணல், வயிற்றுக்குள் போனால் குடலை அடைத்துக்கொள்ளலாம். முயலால் வாந்தி எடுக்க முடியாது என்பதைத் தகவலைப் பரப்புவோர் தயவுசெய்து நினைத்துப் பார்க்க வேண்டும். மணலின் தூசியும் அதன் மூச்சுக்குக் கேடு.

தட்டில் காகித உருண்டைகளைப் பரப்பி, ஒரு பக்கம் காய்ந்த புல்லைக் குவித்து வையுங்கள். புல்லை மென்றுகொண்டே புழுக்கை போடும் பிராணி முயல். அதனால் தானாகவே அந்த இடத்தைத் தேடி வரும்.

நாற்றம் பெரும்பாலும் சிறுநீரால்தான். நனைந்ததைத் தினமும் அள்ளிவிடுங்கள். அடியில் வெள்ளையாகப் படிவது சிறுநீரில் வெளியேறும் கால்சியம். வினிகரில் சற்று ஊறவிட்டுத் தேய்த்தால் போய்விடும்.

மணலைத் தின்ற முயல் தீனியைத் தொடாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள்.