சாக் எண்ணிக்கையை வைத்து அந்த ஐந்து பையன்களை எடை போடாதீர்கள்

சனிக்கிழமை கல்லூரி அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டம் முடிந்ததிலிருந்து இணையத்தில் அந்த ஒரே படம்தான் சுற்றுகிறது. மேலே சாக் எண்ணிக்கை (பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கை, எறிவதற்கு முன்பே எதிரணி வீழ்த்திய தடவைகள்), நடுவில் அவரைக் காக்கும் ஐவரில் ஒருவனான லெஃப்ட் கார்டு பையனின் முகம், கீழே படிக்கவே கூசும் வசவுகள். போன வருடம் இதே மாதம் ஹைஸ்கூல் மைதானத்தில் நின்றவன் அவன்.

சாக் எண்ணிக்கை, முன்வரிசையில் நின்று எதிரணியைத் தடுக்கும் அந்த ஐவரின், அதாவது லைனின், மதிப்பெண் அல்ல. லைனின் நடுவில் சென்டர், அவன் இருபுறம் கார்டுகள், இரு முனையிலும் டேக்கிள்கள். குவார்ட்டர்பேக் மூன்று நொடிக்கு மேல் பந்தைக் கையிலேயே வைத்திருந்து விழுந்தால் அது பெரும்பாலும் அவர் கணக்கு, இல்லையென்றால் தன்னை ஒட்டி வரும் எதிராளியை உதற முடியாத ரிசீவர்களின், அதாவது பந்தைப் பிடிக்க ஓடுபவர்களின், கணக்கு. எதிரணியில் ஆறு பேர் குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாயும் பிளிட்ஸ் வரும்போது ஆறாவது ஆளைப் பிடிக்க வேண்டியவர், பின்னால் நிற்கும் ரன்னிங் பேக் (பந்தை ஏந்தி ஓடுபவர்). அவர் தவறான பக்கம் போனால், டிவியில் கார்டின் தோளை உரசிக்கொண்டு ஒருவன் பாய்வதுதான் தெரியும். ஸ்னாப்புக்கு முன், அதாவது சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்கும் முன், எதிரணியின் இரண்டாம் வரிசை நடுவில் நிற்கும் 'மைக்' லைன்பேக்கர் யார் என்று அவன் கைகாட்டுகிறானே, அது பிசகினால் ஐந்து பேரும் ஒழுங்காகக் காலெடுத்து வைத்துத் தவறான பக்கம் போய்ச் சேருவார்கள்.

லைனை மதிப்பிட வேண்டுமா? பந்தைப் பார்க்காதீர்கள். ஒவ்வொரு ஸ்னாப்பையும் முதல் இரண்டரை நொடி மட்டும் ஓட்டி சென்டரையும் இரண்டு கார்டுகளையும் பாருங்கள். மறுபடி ஓட்டி டேக்கிள்களைப் பாருங்கள். குவார்ட்டர்பேக்கை மூன்றாவது முறை பார்த்தால் போதும். அப்படி ஒரு முழு ஆட்டத்தைப் பார்த்தால்தான் எந்தத் தவறு பழகப் பழக ஆறும், எது ஆறாது என்று பிரிக்க முடியும். புது லைனைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

எதிரணியின் இருவர் வழி மாற்றிப் பாயும் ஸ்டன்டை எடுத்துக்கொள்ளுங்கள். எதிரணியில் உள்ளே நிற்கும் டிஃபென்சிவ் டேக்கிள் வெளிப்பக்கம் இடித்துப் போவான், ஓரத்தில் நிற்கும் எண்ட் அவன் முதுகுக்குப் பின்னால் சுற்றி உள்ளே வருவான். பழகிய கார்டு தன் ஆளைப் பக்கத்து டேக்கிளிடம் ஒப்படைத்துவிட்டு, உள்ளே வரும் எண்ட் பக்கம் கண்ணைத் திருப்புவான். புதியவன் தன் ஆளையே துரத்திக்கொண்டு போவான், நடுவில் வாசல் திறந்துவிடும். ஸோன் ரன்னிலும், அதாவது ஆளை விட்டு இடத்தைத் தடுத்து ஓட வழிவிடும் ஆட்டத்திலும், இதே கதைதான். இருவர் சேர்ந்து ஒருவனைத் தள்ளிவிட்டு, அதில் ஒருவன் லைன்பேக்கரிடம் ஏற வேண்டும். அரை நொடி முந்தினால் தள்ளப்பட்டவன் உள்ளே புகுந்துவிடுவான், அரை நொடி பிந்தினால் லைன்பேக்கர் ஓட்டத்தைக் கோட்டிலேயே முடித்துவிடுவான். கை எதிராளியின் நெஞ்சில் விழாமல் அகலமாகப் போனால் ஹோல்டிங், 10 யார்டு தண்டனை. வெளியூர் இரைச்சலில் சைலன்ட் கவுன்ட் (குரல் இல்லாமல் ஸ்னாப்பின் நேரத்தைக் கணிப்பது) பழகாதவன் முந்தி அசைந்தால் 5 யார்டு. இவையெல்லாம் ஆறும். ஆனால் சீசனில், கல்லூரி விளையாட்டுக்கு விதி வகுக்கும் என்சிஏஏ அனுமதிப்பது வாரத்துக்கு 20 மணி நேரப் பயிற்சி. அதற்குள் ஐந்து கண்களும் ஒன்றாகப் பார்க்கப் பழக வேண்டும்.

ஆறாதது கால். டேக்கிளாக நிற்பவன் பின்பக்கமாகச் சறுக்கிக் காலெடுத்து வைக்கும் கிக் ஸ்லைடு, ஓரத்தில் வருபவனின் தோளை எட்டவில்லை என்றால், அவசரத்தில் இடுப்பைத் திருப்பி உள்வழியைத் திறந்து விடுகிறான் என்றால், அவனை கார்டாக உள்ளே கொண்டுவர வேண்டும். உடல்வலு குறைவாக இருந்து பின்னுக்குத் தள்ளப்படுகிறவனுக்கு ஒரு முழு ஆஃப்சீசன் எடைப் பயிற்சி தேவை. அக்டோபருக்குள் அது வராது.

"2013 மிச்சிகன் பல்கலைக்கழக அணியைப் பார்த்தோமே, புது லைன் என்றால் அழிவுதான்" என்பார்கள். சரி, பார்ப்போம். நவம்பர் 2, மிச்சிகன் ஸ்டேட்டுக்கு எதிராக ரஷிங், அதாவது பந்தோடு ஓடி எடுத்தது, மைனஸ் 48 யார்டு. அடுத்த வாரம் நெப்ராஸ்காவுக்கு எதிராக மைனஸ் 21. காலேஜ் ஆட்டத்தில் சாக்கில் இழந்த யார்டும் ரஷிங்கில்தான் கழியும், தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் அப்படி இல்லை. இதைச் சொல்லாமல் அந்த எண்ணைக் காட்டுவது நியாயமில்லை. ஆனாலும் லைன் மோசம்தான், மறுக்கவில்லை. அக்டோபரில் பென் ஸ்டேட்டுக்கு எதிராக ரன்னிங் பேக் ஃபிட்ஸ்ஜெரால்ட் டூசான் 27 முறை ஓடி 27 யார்டுதான் எடுத்தார். அந்த லைனின் இரு முனையிலும் டெய்லர் லூவனும் மைக்கேல் ஸ்கோஃபீல்டும் நின்றார்கள். என்எஃப்எல் அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், 2014இல் லூவன் 11ஆவதாகப் போனவர், ஸ்கோஃபீல்ட் அதே டிராஃப்டின் மூன்றாம் சுற்று. முனைகள் அவ்வளவு பலமாக இருந்தும் நடுவில் மூன்று பேரும் பச்சை. போதாததற்கு அங்கே ஆளை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். ஒப்படைக்கக் கற்றுக்கொள்வதற்குள் பக்கத்தில் வேறு ஆள்.

அந்த நடுவரிசையில் இருந்தவர்கள்தான் கிரஹாம் கிளாஸ்கோ, கைல் காலிஸ், எரிக் மக்னூசன். 2015இல் பயிற்சியாளர் ஜிம் ஹார்பாவின் முதல் வருடத்தில் 10 ஆட்டம் வென்ற அணியின் லைனிலும் இதே மூவர். ஸ்காலர்ஷிப் இல்லாமல் வந்த கிளாஸ்கோவை 2016இல் என்எஃப்எல் அணியான டெட்ராய்ட் லயன்ஸ் டிராஃப்டின் மூன்றாம் சுற்றில் எடுத்தது. 2013இல் அவரைக் கைகழுவச் சொன்னவர்கள் எத்தனை பேர்!

கல்லூரி மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் போர்ட்டலில் பெரிய பையன்களை வாங்கலாமே என்கிறீர்கள். ஒருவர், இருவர் என்றால் நிச்சயம் உதவும். ஐந்து பேரையும் ஐந்து கல்லூரியிலிருந்து கொண்டுவந்தால் உடம்புதான் முதிர்ந்திருக்கும், பேச்சு ஒன்றாக இருக்காது. ஸ்டன்ட் வந்தால் அதே வாசல் திறக்கும்.

கல்லூரி ஆட்டக்காரர்களும் இப்போது காசு வாங்குகிறார்கள், திட்டு வாங்கட்டும் என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. காசுக்கும் அந்த வார்த்தைகளுக்கும் என்ன சம்பந்தம்?

என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. லைன் புதிது என்று ஆகஸ்டிலேயே தெரியும். தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்யும் நம் டைட் எண்டை டேக்கிளின் பக்கத்தில் நிறுத்தி, எதிரணியின் எண்டை ஒரு இடி இடித்துவிட்டு ஓடச் சொல்லலாம். குவார்ட்டர்பேக் மூன்றே காலடி பின்வாங்கிச் சட்டென்று எறியலாம், பாய்பவர்களை உள்ளே விட்டு அவர்களுக்குப் பின்னால் குட்டையாக எறியும் ஸ்கிரீன் போடலாம், குவார்ட்டர்பேக்கை ஓரமாக நகர்த்தலாம். மூன்றாவது முயற்சியிலும் நெடுந்தூரம் மிச்சமிருக்கும் தேர்டு அண்ட் லாங்கில் ஐந்து ரிசீவரையும் விரித்து அனுப்பிவிட்டு அந்தப் பிள்ளைகளைத் தனியாக நிறுத்தியது யார்? அந்த முடிவை எடுத்தவரின் முகத்தை யாரும் படமாகப் போடவில்லை.

அந்தப் படத்தைப் பகிர்ந்தவர்கள் கடைசி சாக்கை ஒரு முறை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். கார்டை விடுங்கள், ரன்னிங் பேக் எந்தப் பக்கம் திரும்புகிறார் என்று மட்டும் பாருங்கள். பார்த்துவிட்டு அந்தப் பையனின் முகத்தை எடுத்துவிடுங்கள்.